சிறுபோகத் தண்ணீர்

திருகோணமலையில் ஒரு குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். சனத்தொகை கூடிக்கொண்டே போனதால் மாவட்டத்துக்குப் புதுத் திட்டம் வரைந்துகொண்டிருந்தார்கள். தம்பலகாமத்தில் ஒரு குளத்தின் நீர்மட்டத்தை வாராவாரம் குறித்து வருவது என் வேலை.

மூன்றாவது வாரம், குளக்கட்டில் டிராக்டரை நிறுத்திவிட்டு ஒரு பெண் இறங்கி வந்தார். அந்த ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புச் செயலாளர்.

"ஏன் தம்பி அளக்கிறீங்கள்?"

"சும்மா ஒரு பதிவுக்கு அக்கா."

"உங்களுக்கு எந்த ஊர்?"

"குறிஞ்சாக்கேணி."

என் கொப்பியை எட்டிப் பார்த்தார். "அங்க கிணறெல்லாம் உப்புத்தானே? கோடை வெள்ளாமைக்கு வச்சிருக்கிற எங்கட சிறுபோகத் தண்ணியை அங்க கொண்டுபோகப் போறீங்களோ?"

"இல்லை" என்றேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

அலுவலகத்தில் பொறியியலாளரிடம் கேட்டேன். "உமக்கேன் அந்தக் கதை?" என்றவர், மேசையில் விரித்திருந்த வரைபடத்தை உருட்டி வைத்தார். அதற்கு முன் அவர் எதையும் என்னிடம் மறைத்ததில்லை. மறுநாள் அவர் வெளியே போன நேரம் அதை விரித்தேன். நீலக்கோடு அந்தக் குளத்திலிருந்து புறப்பட்டு, குறிஞ்சாக்கேணி இருக்கும் கிண்ணியாப் பக்கம் போனது. ஓரத்தில் பென்சிலால் 'கோடைகாலத்துக்கு' என்று எழுதியிருந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். என் கூடப்பிறந்த மூத்தவ, ராத்தா, இப்போதும் குறிஞ்சாக்கேணியில்தான் இருக்கிறா. தண்ணீர் லொறி, பவுசர், வரும் நாளில் கான்களோடு ரோட்டில் நிற்பா. நான் பேசாமல் இருந்தால் அவவின் வீட்டுக்குக் குழாய் வரும். ஆனால் அந்தப் பெண்ணிடம் 'இல்லை' என்று சொன்னவன் நான்.

தம்பலகாமம் போய் அந்தப் பெண்ணிடம் வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இதைச் சொல்லச் சொல்லி ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

அவர் நம்பவில்லை. ஆனாலும் எங்கள் அலுவலகத்தின் அடுத்த திட்டக் கூட்டத்துக்கு ஊரையே கூட்டி வந்து, "அந்தப் படத்தை விரியுங்கோ" என்றார். பொறியியலாளர் அவரைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தார்.

சிறுபோகத் தண்ணீரில் கை வைப்பதில்லை என்று முடிவானது. திட்டத்துக்கான தண்ணீரை வேறோர் ஆற்றிலிருந்து எடுப்பதென்று மாற்றினார்கள். குறிஞ்சாக்கேணி இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிப்போனது. அலுவலகத்தில் என்னைக் கண்டால் இப்போது கதை நின்றுவிடும்.

யார் சொன்னார்களோ, விஷயம் ராத்தாவின் காதுக்கும் போய்விட்டது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது கேட்டா.

"நீதான் அங்க போய்ச் சொன்னியாம். உண்மையா?"

"ஓம்."

தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனா. பிறகு கான்களை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி ரோட்டுக்குப் போனா.