பாகமோயோவில் கடல் போன தூரம்

2002 ஜூலை. சென்னையிலிருந்து பம்பாய், அங்கிருந்து விமானத்தில் தான்சானியாவின் தார் எஸ் சலாம். பிறகு ஆயிரம் ஷில்லிங் கொடுத்து, எழுபது கிலோமீட்டர் மேடுபள்ளத்தில் மினி பஸ். பாகமோயோவில் இறங்கும்போது மாலை ஆறு மணி.

அங்குள்ள மீனவர்களுக்கு டீசல் எஞ்சின் ரிப்பேர் சொல்லிக்கொடுக்க, சம்பளமில்லாத மூன்று மாதச் சேவைக்கு ஒரு தொண்டு நிறுவனம் எங்களைக் கூப்பிட்டிருந்தது. நான் நாலாவதைத் தாண்டாதவன். ஆனால் ராயபுரம் காசிமேட்டில் என் கை படாத லாஞ்சு எஞ்சின் கிடையாது. சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வேன். கூட வந்தவன் நெட்டுக்குப்பத்து வெல்டர் தனபால்.

அன்று கொசுவலையை நாலு பக்கமும் செருகிக்கொண்டு, காய்ச்சல் வந்தால் இங்கேயே புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் படுத்தேன். தனபாலிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி. கரைக்குப் போனால் கடலைக் காணோம்! வெறும் ஈர மணல். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு படகு சாய்ந்து கிடந்தது. அங்கிருந்த பன்னிரண்டு மீனவக் குடும்பங்களுக்கும் எஞ்சின் வைத்த படகு அது ஒன்றுதான்; அதுவும் ஓடாமல் நின்றிருந்தது. படகுக்காரர் ஜுமா பம்பாய் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய இந்தியும், நான் சேட்டுக் கடைகளில் கற்ற இந்தியும் ஒத்துப்போயின.

"ஃபுண்டி, தண்ணீர் வரட்டும். படகைக் கரைக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கலாம்," என்றார். மெக்கானிக்கை அங்கே ஃபுண்டி என்பார்கள்.

"நாற்பது வருஷம் கடலைப் பார்த்தவன் நான். எங்கள் ஊரில் தண்ணீர் போனால் நாலு முழம், வந்தால் நாலு முழம். இங்கேயே பிரிக்கிறேன்," என்றேன்.

தனபால் முணுமுணுத்தான்: "இன்னா மாமு, அவரு ஊரு கடலு, அவரு சொல்றத கேளேன்."

"சும்மா கெட. கடலு எங்க போனாலும் கடலுதான்."

ஜுமாவின் ஆட்கள் நாலு பேர் எஞ்சினைத் தார்ப்பாயில் இறக்கி வைத்துவிட்டு வலை வேலைக்குப் போனார்கள். பதினோரு மணிக்கு ஹெட் கழன்றது, பிஸ்டன் வெளியே வந்தது. ரிங் உடைந்திருந்தது. காலையில் கையால் சுற்றிப் பார்த்தபோதே நான் சொன்னபடி! பெருமையாகக் காட்டினேன். ஜுமா ரிங்கைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

கடல் எனக்கு முன்னால் இன்னும் தூரத்தில்தான் இருந்தது. திரும்பினேன். காலையில் நாங்கள் நடந்து வந்த பள்ளத்தில், எங்களுக்கும் கரைக்கும் நடுவே, தண்ணீர் ஆறாக ஓடியது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. தார்ப்பாயின் ஓரம் மெல்ல மிதக்கத் தொடங்கியது.

"மாமு, சாமானெல்லாம் படகுல போடு!"

என் கால் நகரவில்லை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு நீச்சல் தெரியாது. அறுபத்திரண்டு வயது வரை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றிய சங்கதி அது. முழங்கால் நனைந்தது. பன்னிரண்டு குடும்பத்துச் சோற்றை உப்புத் தண்ணீரில் பிரித்துப் போட்டுவிட்டேனே என்று வாய்விட்டுப் புலம்பினேன்.

ஜுமா விசிலடித்தார். பக்கத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த நாலு பெண்கள் ஓடிவந்தார்கள். துடுப்பில் கயிறு கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து எஞ்சினைப் படகுக்குள் தூக்கிவிட்டார்கள். ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்து, "பாபு, பாபு" என்று, பெரியவரைக் கூப்பிடும் சொல்லால் தேற்றியபடியே, மூட்டையைப் போல என்னையும் ஏற்றினாள்.

சிறிது நேரத்தில் படகு நிமிர்ந்து மிதந்தது. ஜுமா கழியை ஊன்றினார். ஏறிவந்த தண்ணீர் எங்களைக் கரையில் சேர்த்தது. காலையில் அவர் சொன்னதும் இதைத்தான்.

"நாப்பது வருசம் கடல பாத்தேன்னியே நைனா, எங்கேர்ந்து பாத்த?" என்றான் தனபால்.

"கரையில நின்னுதான்டா," என்றேன்.

உப்பைக் கழுவி, புது ரிங் போட்டு எஞ்சினை ஓடவைக்க ஐந்து நாள் ஆனது. மூன்று மாதத்தில் பதினாறு பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தேன். தண்ணீர் எப்போது வரும் என்று ஜுமாவைக் கேட்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை.

காசிமேட்டில் இன்றும் தண்ணீர் நாலு முழம்தான் வருகிறது, நாலு முழம்தான் போகிறது. ஆனாலும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு தரம் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். பட்டறை ஆட்கள் கேட்டால் கழுத்துவலி என்று சொல்லிவந்தேன். இதைப் படித்தபின் கேட்கமாட்டார்கள்.