பாதிக் கடை பாட்டு, பாதிக் கடை போன் கவர்

பாட்டை யாரும் கைவிடுவதில்லை, பாட்டு இருக்கும் டப்பாவைத்தான் கைவிடுகிறார்கள். அந்த டப்பாவை விற்று வயிறு வளர்க்கும் தொழில் என்னுடையது.

காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு காம்ப்ளெக்ஸின் தரைத்தளத்தில் எங்கள் கடை. வலது பக்கம் என்னுடையது: கேசட், சிடி, இசைத்தட்டு, அவற்றைப் பாட வைக்கும் பெட்டிகள், பெட்டிகளுக்கு வரும் நோய்களுக்கான வைத்தியம். இடது பக்கம் என் வீட்டுக்காரருடையது: போன் கவர், சார்ஜர், போன் திரையில் ஒட்டும் கண்ணாடி. கல்யாணத்துக்கு முன்பு இதே கடையில் கேசட் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு நின்றவள் நான். பழைய முதலாளி தொழிலே வேண்டாம் என்று கிளம்பியபோது, விடாப்பிடியாக நின்று எங்கள் வீட்டுக்காரரைக் கடையை எடுக்க வைத்தவளும் நான்தான். நான் கேட்டு வாங்கிய வரம் கடைசியில் என்னையே வெளியே தள்ளப் பார்த்தது.

இந்த வருஷம் சித்திரையில் அவர் ஆரம்பித்தார். "ஆடி முடியறதுக்குள்ள உன்ற பக்கத்தைக் காலி பண்ணிப்போடு புள்ள. கவர் வெக்க எடம் பத்தல. இதையெல்லாம் இன்னும் யாரு வெச்சுக்கறாங்க?" முடியாது என்றேன். ஆனால் யார் வைத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால் கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் சாட்சிக்கு நிறுத்துவது என்று முடிவு செய்தேன். கடை வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் கட்டினவரோடு சேர்ந்து வைத்திருப்பவர்களுக்கு, என் பாடு சொல்லாமலே விளங்கும்.

*டீ குடிக்காத பயணம்*

தாராபுரம் பக்கத்திலிருந்து தேங்காய் வியாபார விஷயமாக அடிக்கடி கோயமுத்தூர் வரும் கவுண்டர் ஒருவர் இருக்கிறார். பழைய கார், அதில் பழைய கேசட் பெட்டி. கேசட்டில் நாடா தேய்ந்து பாட்டு குழற ஆரம்பித்ததும், அதில் இருந்த பாட்டையெல்லாம் அதே வரிசையில் பென்டிரைவில் ஏற்றி, காரில் புதுப்பெட்டியும் பொருத்திக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அடுத்த வாரமே நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு வந்து நின்றார்.

என்ன ஆயிற்று என்றேன். கேசட்டில் ஒரு பக்கம் முடியும் இடம் சரியாகப் பல்லடத்தில் வருமாம். வண்டியை ஓரம் கட்டி, ஒரு டீ குடித்து, கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்புவாராம். வருஷக்கணக்கில் இதுதான் பழக்கம். பென்டிரைவுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாதே. பழைய பெட்டியையே திரும்ப மாட்டச் சொன்னார். நாடாவை நான் எப்பாடு பட்டாவது சரி செய்து தருகிறேன் என்றேன். அவர் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க அம்மணி. பக்கம் முடிஞ்சா டீ குடிக்கோணும்னு இருந்தனுங்க. இது முடியவே மாட்டீங்குதுங்க, நானும் டீ குடிக்காமயே வந்து சேந்துபோட்டனுங்க."

*சுவருக்குப் பொருத்தம்*

சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இசைத்தட்டு கேட்டு வந்தான். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இளவட்டம் ஒன்று கிடைத்துவிட்டது, சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடலாம் என்று, என்ன மாதிரிப் பாட்டு பிடிக்கும், வீட்டில் எந்தப் பெட்டி என்று ஆர்வமாக விசாரித்தேன். பெட்டி எதுவும் இல்லை என்றான். பையிலிருந்து ஓர் அளவு டேப்பை எடுத்து உறையின் நீள அகலத்தை அளந்து பார்த்தான். புதிதாக வாடகைக்குப் பிடித்த ஃப்ளாட்டின் ஹால் படத்தைப் போனில் காட்டினான். ஒரு கீறல்கூட இல்லாத நல்ல தட்டாகத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஓடவே ஓடாத ஒரு தட்டை எடுத்துக்கொண்டான். இடது பக்கத்திலிருந்து வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தம்பி சொன்னது இதுதான்: "பாட்டு எதுவா இருந்தாலும் சரிங்கக்கா, செவுத்துக்கு நீலம் வேணும்."

*சொந்த வீடும் வாடகை வீடும்*

ஸ்டெல்லா டீச்சர் உப்பிலிபாளையம் பக்கம் ஒரு மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். சில வருஷங்களுக்கு முன்பு தன்னிடம் இருந்த சிடிகளையெல்லாம் என்னிடமே கொடுத்துவிட்டு, இனி எல்லாம் போனில் என்று போனவர். கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் மாதச் சந்தா கட்டிக் கேட்டுவந்த தொகுப்பில் அந்த ஒரு பாட்டு மட்டும் காணாமல் போய்விட்டது. நேற்று இருந்தது, இன்று இல்லை. பெயர் மட்டும் மங்கலாகத் தெரிகிறது, தொட்டால் பாடவில்லை. யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பாட்டைப் பாதி கற்ற பிள்ளைகள் மீதிப் பாதிக்குக் காத்துக்கொண்டு நிற்கின்றன.

அவர் கொடுத்துவிட்டுப் போன சிடி விற்காமல் என்னிடமே கிடந்தது. எடுத்துத் துடைத்து, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தேன். டீச்சர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன். "சிடி வாங்கினவங்க திரும்ப வர மாட்டாங்க. போனைக் கீழ போடறவங்க மாசாமாசம் வருவாங்க," என்றார். நியாயம்தான். ஆனால் டீச்சர் வாசலில் நின்று அவரிடமே சொல்லிவிட்டுப் போனார்: "சொந்த ஊடுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க சார். வாடகைக்குத்தான் குடியிருக்கறேன்னு, காலி பண்ணச் சொன்ன பொறவுதான் தெரிஞ்சுது."

*எதிர்சாட்சி*

எல்லாச் சாட்சியும் என் பக்கமே பேசியது என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கட்டைப்பை நிறைய சிடிகள். ஒவ்வொன்றும் உறை கிழியாமல், வாங்கிய நாளில் இருந்தபடியே. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. எவ்வளவு அருமையாக வைத்திருக்கிறீர்கள், சத்தம் எவ்வளவு சுத்தமாக இருக்கும், கொடுத்துவிட்டால் மறுபடி கிடைக்குமா என்று பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். விரல் முட்டிகள் வீங்கிக் கோணியிருந்தன. டப்பாவைத் திறக்க வராது. தட்டைக் குழியில் வைக்க வராது. போனில் வாயால் கேட்டால் பாடிவிடுகிறதாம்.

அந்த அம்மாவுக்கு இழப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. இருப்பதாக நான்தான் கற்பித்துக்கொண்டேன். பையை வாங்கி வைத்து, ஆட்டோவரைக்கும் கூடப் போனேன். ஏறி உட்கார்ந்ததும் என் கன்னத்தைத் தட்டிச் சொன்னார்: "கேக்கறதுக்குத்தான் கண்ணு வாங்கினேன், காவல் காக்கறதுக்கு இல்ல."

*குழாயில் வந்த ரசம்*

ஆனைமலைப் பக்கம் ரேடியோ செட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கோயில் திருவிழாவான நோன்பி, காதுகுத்து, சீர் எதுவென்றாலும் மரத்துக்கு மரம் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறவர். சிடியை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு, போனில் வயரைச் சொருகிப் பாட்டுப் போட ஆரம்பித்திருந்தார். சுமக்க வேண்டியதில்லை, கீறல் விழாது, ஆயிரம் பாட்டு சட்டைப் பையில்.

ஒரு நோன்பியில் சாமி அழைத்து வரும் நேரம், அம்மன் பாட்டு உச்சத்தில் போய்க்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. அண்ணன் பதறி அமுக்கியதில், கட் ஆவதற்குப் பதிலாக அழைப்பு எடுத்துக்கொண்டது. ஊரிலிருந்த அத்தனை குழாயிலும் அவர் மனைவியின் குரல் கணீரென்று கேட்டிருக்கிறது: "ஏனுங்க, நேத்து வெச்ச ரசம் கெடக்குது, அதையே ஊத்திக்கறீங்களா, புதுசா வெக்கோணுமா?" கூட்டத்தில் யாரோ, புதுசாகவே வைக்கச் சொல்லுங்கள் என்று கத்தியிருக்கிறார்கள். அருள் வந்தவரே சிரித்துவிட்டதாகக் கேள்வி. அண்ணன் மறுநாளே முதல் பஸ்ஸைப் பிடித்து என் கடைக்கு வந்து, என்னிடம் இருந்த அம்மன் சிடிகளை மொத்தமாக வாரிக்கொண்டார். வாரும்போது சொன்னது: "எனக்கு சிடியே போதும் அம்மணி. அதுக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்க."

*ஆடி முடிந்தது*

இத்தனை சாட்சி சொல்லியும் தீர்ப்பு மாறவில்லை. ஆடிக் கடைசியில் வீட்டுக்காரர் ஆசாரியைக் கூட்டி வந்து என் பக்கத்துச் சுவரை அளக்க வைத்தார். நான் இருக்கும்போதே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் கூடவே வந்தது. ஆசாரி முன்னால் அழக் கூடாது என்று வெளியே வந்து நின்றேன். எதிரே மாடிப் படிக்கட்டு. அதன் அடியில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். நேராகக் காம்ப்ளெக்ஸ் மேனேஜரிடம் போய், அந்த இடத்தை என் பேருக்கு வாடகைக்கு எழுதி வாங்கிக்கொண்டேன். உள்ளே வந்து அட்டைப்பெட்டிகளைத் தேடினேன். "எங்க கெளம்பிட்ட?" என்றார் வீட்டுக்காரர். "என்ற கடைக்குப் போறனுங்க," என்றேன். ஒருநாள் கோபம், பொழுது சாய்வதற்குள் சரியாகிவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஆவணி பிறந்ததும் படிக்கட்டுக்குக் கீழே விளக்கேற்றினேன். மின்சாரம் கிடையாது. பேட்டரி போட்ட சின்னப் பெட்டியில் பாட்டை வைத்தேன். வீட்டில் சமைத்தேன், பேசினேன், சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தேன். கடைப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அவருடைய கடையில் வலது பக்கம் முழுக்கக் கவர்கள் தொங்கின. பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடி ஒட்டக் கொடுத்தவர்கள் அங்கே நிற்பதில்லை. போனும் கையில் இல்லாமல், கேட்கப் பாட்டும் இல்லாமல் எவ்வளவு நேரம் சும்மா நிற்பது? ஒவ்வொருவராக என் பக்கம் நகர்ந்து வந்தார்கள். சிலர் கேசட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். சிலர் வாங்கினார்கள். அவர் அங்கிருந்து பார்ப்பதும் தலையைக் குனிந்து ஒட்டுவதுமாக இருந்தார்.

ஒருநாள் காலை என் பேட்டரி தீர்ந்து பாட்டு இழுத்துக்கொண்டே நின்றது. மாற்றுப் பேட்டரி வாங்கக் கிளம்பினேன். எதிரே அவர் வந்தார். கையில் ஒரு சுருள் வயர், வாயில் ஸ்குரூ டிரைவர். தன் கடை மீட்டரிலிருந்து வயரை இழுத்து, படிக்கட்டின் அடியில் ஓரமாக ஆணி அடித்து, என் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளக்கை மாட்டினார். திரும்ப வரச் சொல்வார் என்று எதிர்பார்த்து, வர மாட்டேன் என்ற பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. எழுந்து கைலேஞ்சியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "சத்தத்தை மட்டும் கொறைச்சுப்போடாத புள்ள. அங்க வரைக்கும் கேக்கோணும்."

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும். என் கடைக்கு வருகிறவர்கள், படிக்கட்டு இடிக்கும் என்பதால், தலையை மட்டும் குனிந்து வரவும்.