சாராயம் கிடைக்காத தீவு

என் வீட்டுக்காரரின் குடியை நிறுத்தத்தான் நாங்கள் மாலத்தீவுக்குப் போனோம். கடல் பார்க்கப் போகவில்லை. சொந்தக்காரர்கள் இன்றைக்கும் "நீங்க ஃபாரின்ல இருந்தவங்க" என்று சொல்லும்போது எனக்குக் குமட்டுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் புனே பக்கம் போசரியில், சால் என்கிற மாடிக் குடித்தனம் ஒன்றில் குடியிருந்தோம். இரண்டு அறை, வராந்தாக் கோடியில் எல்லோருக்கும் பொதுவான கக்கூஸ். அவர் ஜெனரேட்டர் கம்பெனியில் ஃபிட்டர். வேலையில் கெட்டிக்காரர். ஷிப்ட் முடிந்தால் நேராகத் தேசிக் கடை. அங்கே நாட்டுச் சாராயத்துக்கு அதுதான் பெயர். படியில் அவர் கால் வைப்பதற்கு முன்பே எனக்கு மேலே வாடை வந்துவிடும். என் மூக்கு அப்படி. மகளின் பிறந்தநாளுக்கு கேக் வாங்கி வரச் சொன்னேன். வாங்கினார். வழியில் அந்த அட்டைப்பெட்டி மேலேயே வாந்தி எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, கொண்டுவந்து பிள்ளை முன்னால் வைத்தார். இப்படிப்பட்ட ஆளைத்தான் திருத்தலாம் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் கம்பெனி, மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுக்கு இரண்டு ஜெனரேட்டர் கொடுத்திருந்தது. ஒரு வருஷம் அங்கே இருந்து ஓட்டிக் காட்டி, உள்ளூர்ப் பையன்களைப் பழக்கிவிட்டு வர ஓர் ஆள் வேண்டும். யாரும் போகத் தயாரில்லை. முன்னால் பக்கத்துத் தீவுக்குப் போய்வந்த ஒருவன் கேன்டீனில் சொன்னதை இவர் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு சொட்டு கிடைக்காதாம்ட்டி. ஏர்போர்ட்டுலயே பையைக் கொட்டிப் பாப்பானாம். வெள்ளக்காரன் தங்குற ஓட்டல் தீவுல மட்டுந்தான் உண்டு. அங்க நம்மள விடமாட்டான். எவன் போவான் அந்தச் சுடுகாட்டுக்கு?"

"நாம போலாம்" என்றேன்.

"ஒனக்கென்ன கிறுக்கா? அங்க மீனும் மண்ணுந்தான்."

"அதனாலதான் சொல்றேன்."

மறுநாள் நானே கம்பெனிக்குப் போய் மேனேஜரைப் பார்த்தேன். குடும்பத்தோடு அனுப்பினால் ஆள் பாதியில் ஓடி வரமாட்டான் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், சரி என்றார். மகளை ஐந்தாம் வகுப்பிலிருந்து நிறுத்தினேன். புனேயிலேயே கடகியில் இருந்த என் அம்மா, "பொண்ணு படிப்பக் கெடுத்துட்டு எங்கடி போற?" என்று கேட்டாள். படிப்பை அடுத்த வருஷம் பிடிக்கலாம், அப்பனைப் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டு இட்லி அரிசி, மிளகாய்ப் பொடி, புளி எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம், அப்புறம் படகு. படகில் மூன்று பேரும் மாற்றி மாற்றி வாந்தி எடுத்தோம். இறங்கிப் பார்த்தால், உலையை வைத்துவிட்டுப் புறப்பட்டால் தீவைச் சுற்றி வந்து அரிசி போடலாம். அவ்வளவுதான் ஊர்.

நாற்றத்தைச் சொல்லாமல் அந்த ஊரைச் சொல்ல முடியாது. கிணற்றுத் தண்ணீர் அழுகிய முட்டை வாடை. அதில்தான் குளியல், துணி துவைப்பது, எல்லாம். குடிக்க மட்டும் பள்ளிக்கூடத்துத் தொட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். கரையில் அண்டா அண்டாவாகச் சூரை மீன் வெந்துகொண்டே இருக்கும். குடலைத் தண்ணீரில் எறிவார்கள், பாதி திரும்பி வந்து மணலில் ஒட்டிக்கொள்ளும், ஈ மொய்க்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஜெனரேட்டர் கொட்டகை, அதனால் சோற்றிலும் டீசல். துணி காயவே காயாது. நான் கட்டிக்கொண்டு போன அரிசி புழுத்தது. பொடி டப்பாவைத் திறந்தால் கரப்பான் பூச்சி மீசையை ஆட்டியது. அந்த ஊர்ப் பெண்களைக் குறை சொல்லமாட்டேன். விடிந்ததும் தெருவை மணல் தெரியக் கூட்டுவார்கள். மீன் அவர்களுக்குச் சோறு. நாறினால் நாறட்டும் என்று இருந்தார்கள். எனக்கு என்ன தலையெழுத்து?

ஓட்டல் தீவிலிருந்து காலி பீர் டப்பாக்கள் மிதந்து வந்து எங்கள் கரையில் ஒதுங்கும். அவர் ஒன்றை எடுத்து மணலைத் தட்டிவிட்டு மோந்து பார்த்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

முதல் மாதம் நரகம். கை நடுங்கியது, வேர்த்து ஊற்றியது, தட்டைத் தூக்கி எறிந்தார். மகள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சாராயம் உடம்பை விட்டு இறங்குகிறது, பொறுத்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். எனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண் மட்டும்தான் பேச்சுத்துணை. சினிமா கேசட் பார்த்துப் பார்த்து இந்தி கற்றுக்கொண்டவள். "உப்பு இருக்கா?" என்று கேட்கக்கூட கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு கதாநாயகி மாதிரி கேட்பாள். அவள் புருஷன் தென்னைமரம் ஏறுபவன். பாளையைச் சீவி வடிகிற சாற்றைக் காய்ச்சி அவர்கள் பாகு எடுப்பார்கள். ஒருநாள் காலை அவன் என் மகளுக்கென்று ஒரு தூக்கு நிறைய அந்தச் சாற்றைக் கொடுத்தனுப்பினான்.

ஒரு வாய் குடித்தேன். நீரா.

புனேயில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ரோட்டோரம் சின்னப் பெட்டிக்கடை, அதில் காலையில் ஜில்லென்று நீரா விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கிளாஸ் வாங்கித் தருவார். ஈரலுக்கு நல்லது, உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்பார். எனக்குத் தெரிந்த நீரா அவ்வளவுதான். பாளை எப்படி இருக்கும், சாறு எப்படி வடியும் என்று நான் பார்த்ததே இல்லை. கள் என்றால் பனைமரம், மண்பானை, சினிமாவில் ஆடுகிற ரௌடி. இந்த இனிப்புத் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

ஈரலுக்கு நல்லது என்றுதான் அவரிடம் நீட்டினேன். தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெனமும் தருவானாமா?"

"கேட்டா தருவான்."

"காலையில வேண்டாம், வயித்தப் பொரட்டும். சாயங்காலத்துக்கு எடுத்து வையி. மூடிய இறுக்கிப் போடாத. காத்துப் போகட்டும்."

திருநெல்வேலிப் பக்கம் பனங்காட்டுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த ஆள் இதைச் சொன்னார். நானும் மூடியை இறுக்காமல் வைத்தேன்.

அதற்கப்புறம் வீடு மாறிப்போனது. வேலை முடிந்து வருவார், குளிப்பார், தூக்கோடு பின்வாசலில் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். மகளைக் கூப்பிட்டுக் கதை சொல்வார். கை நடுக்கம் நின்றது. சாப்பாட்டை நன்றாக இருக்கிறது என்றார், புழுத்த அரிசிச் சோற்றை. நான் ஊருக்கெல்லாம் கடிதம் போட்டேன், குடி நின்றுவிட்டது, கடவுள் கண் திறந்தார் என்று.

வாடை எனக்கு வராமல் இல்லை. ஒருநாள் திறந்து பார்த்தேன், மேலே நுரை கட்டியிருந்தது.

"இன்னாங்க இது, புளிச்ச வாடை வருது?"

"இந்த ஊருல எதுட்டி நாறல? ஒந் தலைமுடி முட்டை நாறுது. அதுக்கு என்ன செய்யச் சொல்லுத?"

உண்மைதான். அந்த வெக்கையில் இட்லி மாவும் காலையில் அரைத்தால் மத்தியானம் பொங்கி வழிந்தது. எல்லாம் நாறும் இடத்தில் எந்த நாற்றம் எதுவென்று யார் பிரித்துப் பார்ப்பது? போசரியில் படியேறும்போதே பிடித்த மூக்கு, அங்கே பக்கத்தில் படுத்தும் பிடிக்கவில்லை.

ஒரு மத்தியானத்துக்கு மேல் தொட்டிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தேன். வரிசை நீளம். திரும்பி வந்தால் மகள் வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். காரணமில்லாத சிரிப்பு. "என்னடி?" என்றேன். எழுந்தாள், சுவரில் மோதினாள், பாயில் விழுந்து வாந்தி எடுத்தாள். கண் சொருகிக்கொண்டு போனது. மீன் விஷமோ என்று பயந்து பக்கத்து வீட்டுக்காரியைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து முகத்தைத் துடைத்தாள். பக்கத்தில் கிடந்த டம்ளரை எடுத்து மோந்தாள். சுட்ட மாதிரி கீழே வைத்தாள்.

"ஷராப்" என்றாள்.

"இல்ல, நீரா. உன் வீட்டுக்காரர் குடுத்தது."

அவள் சினிமாக்காரி மாதிரி பேசவில்லை. மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல இந்தியில் சொன்னாள். காலையில் அது இனிப்பு. சாயங்காலம் அது சாராயம். காய்ச்சாமல் வைக்கக்கூடாது. உன் ஊரில் இதுகூடவா தெரியாது?

பிள்ளை தாகம் என்று எடுத்துக் குடித்திருக்கிறாள். பத்து வயசுப் பெண்.

தூக்கைப் பின்வாசல் மணலில் கவிழ்த்தேன். அவர் வேலை விட்டு வந்தார். உள்ளே நுழைந்த ஆள் முதலில் தூக்கு இருக்கும் இடத்தைப் பார்த்தார். அப்புறம்தான் பாயில் கிடந்த மகளைப் பார்த்தார்.

"எல்லாத்தையுமா கொட்டிட்ட?"

முதலில் கேட்டது அதைத்தான். இத்தனை வருஷம் கழித்தும் அந்த நான்கு சுவரும், பிள்ளையின் வாந்தியும், அந்தக் கேள்வியும் ஒரே வாடையாக என் மூக்கில் இருக்கிறது.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாம இருக்குமா? ஏதோ கொஞ்சம். மருந்து மாதிரி. நான் யாரையாவது அடிச்சேனா, வஞ்சேனா?"

அது சின்ன ஊர். பொழுது சாய்வதற்குள் தீவுத் தலைவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மரமேறி தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றான். அவர்களுக்கு அது பாவம், குற்றமும்கூட. பிள்ளைக்குக் கொடுத்த சாற்றுக்காக அவன் அங்கே நின்றான். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நல்ல இந்தியில் சொன்னார்: "என் சம்சாரத்துக்கு வெவரம் பத்தாது சார். தெரியாம எடுத்து வச்சிட்டா. நான் வேலையில இருக்கேன், எனக்கு எப்படித் தெரியும்?"

அதில் பாதி உண்மை. எனக்கு விவரம் தெரியாததுதான். அந்தப் பாதியை வைத்து அவர் தப்பித்தார். எடுத்து வைக்கச் சொன்னதே இவர்தான் என்று நான் வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னேன். தலைவர் என்னைப் பாவம் என்பது போலப் பார்த்துவிட்டு, இனி அந்த வீட்டுக்குச் சாறு கொடுக்காதே என்று மரமேறியிடம் சொல்லி அனுப்பினார். வெளியே வரும்போது பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையின் கையைப் பிடித்து அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டாள். சாராயம் ஊற வைத்தவள் நான்தானே.

அடுத்த சரக்குப் படகில் மகளோடு கிளம்பிவிட்டேன். அவர் வருஷத்தை முடித்துவிட்டு வந்தார். அங்கே மீதி நாளை எப்படிக் கழித்தார் என்று நான் கேட்கவில்லை. போசரிக்கு வந்த அன்றைக்குப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் தேசிக் கடைக்குப் போனார்.

குடி நின்றது பல வருஷம் கழித்து. ரத்தமாக வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் இனிமேல் குடித்தால் செத்துப்போவாய் என்று சொன்ன பிறகு. பயந்து நிறுத்தினார். ஆனால் கல்யாணம் காதுகுத்தில் யாராவது கேட்டால் சொல்வார்: "தீவுல விட்டது. அங்க கெடைக்காதுல்லா. அப்படியே மனசு மாறிட்டு." நான் போட்ட கடிதங்கள் அதற்குச் சாட்சி. சொந்தக்காரர்கள் தலையாட்டுவார்கள். பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டுப் பாயசம் வாங்கிக் குடிப்பார்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் அவர் தம்பிக்கும் அதே மாதிரி வேலை வந்தது, வேறொரு தீவு. தம்பியும் அண்ணன் வழிதான். தம்பி பெண்டாட்டி, என் ஓர்ப்படி, என் அடுக்களைக்கு வந்தாள். பிள்ளைகள் இரண்டையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாளாம்.

"நானும் கூடப் போறேங்க்கா. அத்தான் மாதிரி இவுகளும் திருந்திருவாகல்லா."

அடுப்பை அணைத்துவிட்டு அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீரா, நுரை, மகள், தலைவர் ஆபீஸ், ஒன்றும் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கூடத்துப் பக்கம் பார்த்தாள். அவர் அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்க அவகிட்ட" என்றேன்.

பேப்பரை இறக்காமலே சொன்னார்: "பழசக் கிண்டாத. அவ நல்லதுக்குப் போறா, போகட்டும்."

ஓர்ப்படி எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். "அத்தான் அப்பவே சொன்னாகக்கா. ஒங்களுக்கு அந்த ஊருன்னாலே ஆகாது, இப்படித்தான் பேசுவீகன்னு." வருத்தமாகத்தான் சொன்னாள். போய்விட்டாள். ஆளைத் திருத்த ஊரை மாற்றுகிற அந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் பிடித்தது என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது. கடல் இரைச்சலுக்கு நடுவில் அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"அக்கா, மொதல்ல கொஞ்சம் கஷ்டந்தான். இப்ப இவுக ஆளே மாறிட்டாகக்கா. சாயங்காலம் ஆனா சிரிச்ச மொகமா பிள்ளைகளோட உக்காந்து கதை சொல்லுதாக."

"சாயங்காலம் என்ன குடிக்கிறாரு?"

"ஒண்ணுமில்லக்கா. எளநி மாதிரி ஏதோ."

"அந்தப் பாத்திரத்தை மோந்து பாரு" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.