நாச்சாயி அக்காவின் கை

போன வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். இந்த வயசில் விழுந்தால் விழுந்தவனைவிட வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் பாடு அதிகம். பேரன் முணுமுணுத்துக்கொண்டே என்னை அள்ளிக் காரில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனான். எக்ஸ்ரே அறைக்குள் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது மெஷின் என் கண்ணில் படவில்லை. கதவோரம் கொக்கியில் ஈய அங்கி ஒன்று கனமாகத் தொங்கியது, அதுதான் பட்டது. அதைப் பார்த்ததும் வலி மறந்துபோய், ஏற்காட்டில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஈயக் கையுறை ஞாபகம் வந்துவிட்டது.

மூக்குதான் ஏமாந்துபோனது. இந்தக் காலத்து அறையில் ஒரு வாடையும் இல்லை. எங்கள் காலத்து எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தால், இடி இடித்து ஓய்ந்த பிறகு காற்றில் ஒரு வாடை வருமே, அது அடிக்கும். அதோடு பிலிம் கழுவுகிற தண்ணியின் புளித்த நெடி, கார்பாலிக் சோப்பு, மெஷினுக்குக் கரண்டு கொடுக்க வெளியே படபடக்கும் எஞ்சினின் டீசல் புகை. காபி பூக்கிற நாட்களில் மலையே மணக்கும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மணக்கும்தான், யார் இல்லை என்றது? எனக்கு அந்த மணத்தோடு டீசலும் சேர்ந்துதான் ஞாபகம் வருகிறது.

வெள்ளைக்காரன் இருந்த காலம். ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் எஸ்டேட் துரைமார்கள் சேர்ந்து நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. நான் அங்கே கம்பவுண்டர். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பாட்டிலில் சிவப்புத் தண்ணி, ஒரு பாட்டிலில் வெள்ளைத் தண்ணி, காய்ச்சலுக்குக் கொய்னா, மீதி எல்லாம் என் மிடுக்கு. என் அக்கா நாச்சாயி அதே ஆஸ்பத்திரியில் ஆயா. கல்யாணமாகி இரண்டு வருசத்தில் புருசனைக் காசத்துக்குக் கொடுத்தவள். மாமா காபித் தோட்டத்து லைன் வீட்டில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். என்ன நோவு என்று தெரிந்தபோது வாயில் ரத்தம் வந்துவிட்டது. "முன்னமே தெரிஞ்சிருந்தா மனுசன் இருந்திருப்பாருடா" என்று அக்கா சொல்லாத நாள் இல்லை.

அதனால் எக்ஸ்ரே மெஷின் மலை ஏறி வந்தபோது அவளுக்குச் சாமியே வந்து இறங்கிய மாதிரி இருந்தது. மற்றவர்களுக்குப் பேய் வந்த மாதிரி. பழம் பறிக்கிற பருவத்தில் கீழ்நாட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். நெஞ்சைப் பார்த்துக் காசம் இல்லை என்றால்தான் வேலை என்று துரைமார்கள் உத்தரவு போட்டார்கள். வந்தவர்களோ வாசலோடு நின்றுகொண்டார்கள். உள்ளே கும்மிருட்டு. எஞ்சின் சத்தம். பச்சையாக மினுங்குகிற ஒரு கண்ணாடிப் பலகை. அதில் எலும்பு தெரியும் என்றால் யார் போவார்கள்? "உள்ளெலும்பப் படம் புடிச்சா ஆயுசு கொறஞ்சு பூடுமுங்க" என்றார்கள். நாங்கள் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். நான் கம்பவுண்டர் அல்லவா?

கொட்டச்சேட்டிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் அறை வாசலில் கத்திக் கூப்பாடு போட்டது. அக்கா அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய், தன் வலது கையைப் பலகைக்குப் பின்னால் நீட்டினாள். "இங்க பாரு கண்ணு, அக்கா கை எப்பிடி எலும்பாட்டம் ஆடுது பாரு!" விரல் எலும்புகள் ஆடின. மணிக்கட்டில் அவளுடைய வெள்ளிக் காப்பு மட்டும் கறுப்பு வளையமாக மிதந்தது. குழந்தை அழுகையை விட்டுச் சிரித்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பெரியவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு எல்லோரும் ஒழுங்காக நின்று நெஞ்சைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. முதலில் நாச்சாயி கை, அப்புறம்தான் நெஞ்சு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முறை, பயந்தவர்களுக்குத் தனியாக இன்னொரு முறை. குழந்தை என்றால் பிடித்துக்கொண்டு கூடவே நிற்பாள். காலையில் மெஷின் சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பதற்கும் அதே கைதான். தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணி தெளித்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. ஒரு நாளும் சுட்டதில்லை, வலித்ததில்லை. சுட்டிருந்தால் கையை இழுத்துக்கொண்டிருப்பாளே! அதைத்தான் நான் இத்தனை வருசமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வருசங்கள் போயின. அவள் விரல்களில் தோல் காய்ந்து வெடித்தது. நகம் கறுத்து, கோடு கோடாகப் பிளந்தது. கார்பாலிக் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். முன்னே தோட்டத்தில் செடிக்கு மருந்தடிக்க மயில்துத்தம் கலக்கியதன் மிச்சம் என்றோம். நானே வேப்பெண்ணெய் தடவிவிட்டேன். ஆள்காட்டி விரலில் ஒரு புண் வந்தது, ஆறவேயில்லை. சோறு பிசையும்போது முகத்தைச் சுளிப்பாள், நான் பார்த்தால் சிரித்துவிடுவாள்.

டாக்டர் நல்ல மனுசர். அவர் நகமும் கறுத்துதான் இருந்தது. எக்ஸ்ரே கதிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைத் தின்னும் என்று பட்டணத்துக்குப் போன இடத்தில் யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வரும்போது ஒரு ஜோடி ஈயக் கையுறை கொண்டுவந்தார். முழங்கை வரைக்கும் வரும், பாறை கனம் கனக்கும். "நாச்சாயி, இனிமே இதப் போட்டுக்கிட்டுத்தான் உள்ள வரணும்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த நாள் மஞ்சக்குட்டை பக்கத்து எஸ்டேட்டுக்கு வந்த கூட்டம் வாசலில் நின்றது. அக்கா கையுறையோடு போய் நின்றாள். முன்னால் நின்ற பெரியவர் அதையே பார்த்தார். "ஏனுங்கம்மணி, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்க. அப்பொறம் ஒறை எதுக்குங்க?"

அக்காவுக்குப் பதில் வரவில்லை. டாக்டருக்கும் வரவில்லை. கம்பவுண்டருக்கு எங்கே வரப்போகிறது? பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். கூட்டம் மொத்தமும் அவர் பின்னாலேயே போய்விட்டது. அதில் ஒரு இளவட்டம் இருமிக்கொண்டே போனான். அந்த இருமல் அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த இருமல்.

மறுநாள் காலையில் அவள் கையுறையைக் கழற்றிச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். நான் கத்தினேன்.

"அக்கா, உன்ற கையப் பாத்தியா? போடுக்கா அத!"

"போட்டா அவிய நிக்க மாட்டாங்கடா."

"நிக்காட்டிப் போறாங்க! உனக்கென்ன?"

"உன்ற மாமனையும் அப்பிடித்தானடா உட்டுட்டோம்" என்றாள். டாக்டர் வேண்டாம் என்றார், அதட்டிப் பார்த்தார், அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். போனவர்களைக் கூப்பிட்டுவர எஸ்டேட் மேஸ்திரி ஆள் அனுப்பியிருந்தார், அந்த இளவட்டமும் திரும்பி வந்தான். வெறுங்கையைப் பார்த்தான், நின்றான், அவனுக்குக் காசம் என்று தெரிந்தது. ஆரம்பம்தான், பிழைத்துக்கொண்டான். பிற்பாடு கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தான். அக்கா அதை இடது கையால் வாங்கிக்கொண்டு, "மன்னிச்சுக்க சாமி" என்றாள். வலது கையில் அப்போது ஆள்காட்டி விரல் இல்லை.

அப்புறம் நடு விரலையும் வெட்டி எடுத்தார்கள். துரைமார்கள் கப்பலேறிப் போனார்கள், மெஷினும் பழுதாகி நின்றது. அந்த அறைக்குள் போவது நின்று பல வருசம் ஆகியும் கை அவளை விடவில்லை. மீதி விரல்களிலும் புண் வந்தது. கடைசியில் அக்குளில் கட்டி. மெஷினால்தான் இப்படி ஆனது என்று எந்த டாக்டரும் என்னிடம் அடித்துச் சொல்லவில்லை. "இருக்கலாம்" என்றார்கள். இருக்கலாமாம்! அவளுடைய இடது கை கடைசி வரைக்கும் பூ மாதிரி இருந்தது. எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாகிறதுக்கு முன்னால் சோறு ஊட்டிவிட்டபோது, "அந்தப் பெரியவரு கேட்டாரு பாரு, அவருக்கு நான் ஒரு பதிலு சொல்லியிருக்கோணும்டா" என்றாள். அதுதான் அவள் மனசில் கிடந்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டடம் இப்போது லாட்ஜ். எக்ஸ்ரே அறை இருந்த இடத்தில் புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்து தங்குகிறார்கள், ஜன்னலோரம் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியை மூடியபோது அந்தக் கையுறையை ஈயத்துக்காகப் பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துப்போனார். "புதுசாட்டமே இருக்குதுங்களே, ஒருக்காகூடப் போடலீங்களா?" என்று கேட்டார். "ஒருக்காப் போட்டதுங்க" என்றேன். நாச்சாயி கை என்று சொன்னால் புரிந்துகொள்ள இன்றைக்கு அந்த மலையில் ஓர் ஆள் இல்லை.

போன வாரம் எக்ஸ்ரே எடுக்க என் முட்டியை நேராக்கி வைத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். "ஒண்ணும் ஆகாதுங்க தாத்தா, ஆடாம மட்டும் இருங்க" என்றாள். அக்கா சொன்ன அதே வார்த்தை.

"நீ எங்க கண்ணு நிப்ப?"

"அந்தச் சுவத்துக்குப் பின்னாலங்க. ஏனுங்க தாத்தா, பயமா இருக்குதுங்களா? வேணும்னா கூட நின்னு கையப் புடிச்சுக்கட்டுங்களா?" என்று சிரித்தாள்.

"வேண்டாம் சாமி!" வெளியே இருந்த பேரன் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். "நீ அங்கயே நில்லு. ஆரு பயந்தாலும், ஆரு அழுதாலும் வராத. வர மாட்டேன்னு சொல்லு."

கிழவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். "வர மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நல்ல கனமான கதவு. எங்கக்காவுக்கு அப்படி ஒரு கதவு இருந்ததில்லை.