ஆண்டனி ராஜ் தேய்த்த சிலிண்டர் ஹெட்

ஈவ்லின் அழவில்லை என்பதை ஊரே ஒரு குறையாகப் பேசிக்கொண்டிருந்தது. புருஷன் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து செத்திருக்கிறான், இவள் காரியம் முடிந்த கையோடு கொய்யாக் கூடையை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் விற்கக் கிளம்பிவிட்டாள் என்று. பேசினவர்களில் ஒருத்தியாவது அவள் மகள் சாராவுக்கு ஒரு வேளை சோறு போட்டிருப்பாளா? பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியும், ஈவ்லினுக்கு எதுவுமே உறைக்கவில்லை. காபி ஆறிப் பச்சைத் தண்ணீரானாலும் குடிப்பாள். உப்பில்லாத குழம்பையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள்.

அந்த மொபெட் அவள் புருஷன் ஆண்டனி ராஜுடையது. முன்பெல்லாம் ரெண்டு கூடைப் பழத்தோடு எங்கள் தலைச்சோலை மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக்கூடப் போகாமல், இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட்டான். அதன் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்துக் குறைத்தால் உள்ளே இடம் சுருங்கும், பெட்ரோலும் காற்றும் இறுகி வெடிக்கும், வண்டிக்குப் பலம் கூடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சமமாகத் தேய்க்கத் தட்டையான கண்ணாடி வேண்டும். வீட்டில் கல்யாணப் போட்டோவின் கண்ணாடிதான் இருந்தது. அதை உருவித் தரையில் போட்டு, மேலே உப்புத்தாளை விரித்து, ஹெட்டை எட்டு வடிவில் சுற்றிச் சுற்றித் தேய்த்தான்.

"ஏனுங்க, உங்களுக்கு வேற கண்ணாடியே கெடைக்கலீங்களா?" என்று ஈவ்லின் கத்தினது எங்கள் வீடு வரை கேட்டது.

"புதுசு வாங்கி மாட்டிர்றேன் புள்ள."

மாட்டினால்தானே? ஏற்காட்டுப் பனி சும்மா இருக்குமா? ரெண்டு மழைக்காலத்தில் போட்டோவில் பூஞ்சை ஏறி, மாப்பிள்ளையின் முகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது.

ஆனால் வண்டி ஏறியது. கடைசி வளைவில் முக்கி ஏறும்போது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு கிணுகிணுப்பு வரும். ஊரில் வேறு எந்த வண்டிக்கும் அந்தச் சத்தம் கிடையாது. கேட்டதும் சாரா எழுந்து டீக்குத் தண்ணீர் வைப்பாள். அவன் போன பிறகும் அது மாறவில்லை. அம்மாதான் ஓட்டி வருகிறாள் என்று தெரியும், ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு மூன்று டம்ளரை எடுத்து வைப்பாள். அப்புறம் ஒன்றைத் திரும்பக் கவிழ்த்துவிடுவாள்.

கிக்கர்தான் எமன். ஆண்டனி ராஜ் உதைத்தால் வண்டி கிளம்பும், ஈவ்லின் உதைத்தால் அது அவளைத் திருப்பி உதைக்கும். காலையில் என் வீட்டுக்காரர் உதைத்துக் கொடுப்பார். திரும்பும்போது ஏரிக்கரையில் டூரிஸ்ட்டுப் பையன்களைக் கெஞ்ச வேண்டும். ஒரு நாள் நல்ல மழை, கரையில் ஒரு ஆள் இல்லை. உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுப் பாதி வழி தள்ளியே வந்திருக்கிறாள். மீதிக்கு ஒரு ஜீப்காரர் வண்டியோடு ஏற்றிவந்து இறக்கினார். முழங்காலுக்குக் கீழே தோல் கிழிந்து ரத்தம் செருப்பு வரை இறங்கியிருந்தது.

"வலிக்கலையா ஈவ்லினு?"

குனிந்து பார்த்தாள். "இது எப்பங்கக்கா ஆச்சு?"

இப்படியே விட்டால் காலும் போகும், வியாபாரமும் போகும். சாரா எட்டாவது படிப்பது அந்தக் கொய்யாக் கூடையை நம்பித்தான். மறுநாள் காலையில் வண்டியோடு அவளைச் சத்யராஜின் ஒர்க்‌ஷாப்புக்கு நானே இழுத்துப் போனேன்.

ஹெட்டைக் கழற்றிப் பார்த்த சத்யராஜ் தலையைச் சொறிந்தான். "அண்ணன் நொம்பத் தேச்சுப்புட்டாருங்க. அடியில ரெண்டு கேஸ்கட் தகடு போட்டுத் தூக்கி வெச்சா உள்ள இறுக்கம் கொறையும், கிக் லேசாயிரும். மேட்டுல பழைய இழுப்பு இருக்காதுங்க. அந்தக் கிணுகிணுப்பும் நின்னுரும்."

"நிக்கட்டுமுங்க," என்றாள் ஈவ்லின், யாருடைய வண்டியோ மாதிரி.

வேலை முடிந்ததும் அவள் ஒரே உதையில் கிளப்பினாள். எனக்குக் கோயிலில் தேங்காய் உடைக்கலாம் போலிருந்தது. அவள் ஏரிக்குப் போனாள், நான் பஸ் பிடித்து வீடு வந்தேன்.

சாயங்காலம் ஈவ்லின் வீட்டில் சாராவோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே மூடுபனி. ஏதோ ஒரு வண்டி வளைவில் திரும்பியது. பிள்ளை தலை தூக்கவில்லை. எனக்கும் அது ஈவ்லின் என்று தோன்றவில்லை. காலிக் கூடையோடு ஈவ்லின் கதவருகே வந்து நின்றபோது சாரா திடுக்கிட்டுப் போனாள்.

"எப்பம்மா வந்த? அப்பா வண்டி வரவே இல்லையே!"

"இனிமே வராது கண்ணு."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்தாள். அது பற்றவைக்காமல் கிடந்தது. மூன்று டம்ளரும் அலமாரியில் கவிழ்ந்தபடி இருந்தன. கூடையைக் கீழே விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, காலை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கால் வலிக்குதுங்கக்கா," என்றாள். "நொம்ப வலிக்குது."