மூன்று பக்கமும் சீவிய கையெழுத்து

நேற்று ஆவடியில் ஒருவர் சுவரில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாப் பசை வாசனை. அது மூக்கில் ஏறினால் எனக்கு வயிறு எரியும். காரணம், முருகேசன்.

அவன் ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸ்காரன். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். நான் எட்டாம் வகுப்போடு படிப்புக்கு விடுதலை கொடுத்துவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவன். இருவருக்கும் ஒரே காமிக்ஸ் எழுத்தாளர் மேல் பைத்தியம். அவர் கதைகள் என்னிடமும் இருந்தன, எல்லாம் மறுபதிப்பு. அவனிடம் இருந்ததோ முதல் பதிப்புகள். அதில் ஒன்றில் அவருடைய கையெழுத்து வேறு! தொடப் போனால், "ஏலே, கிரீஸ் கையத் தொடச்சிட்டு வாலே" என்பான். துடைத்துவிட்டு வந்தாலும் தரமாட்டான். பெண் போட்டோ மாதிரி தூரத்தில் பிடித்துக் காட்டுவான்.

எனக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. எழுத்தாளரின் முதல் கதை, அதுவும் முதல் பதிப்பு, பூந்தமல்லி சலூன் பெஞ்சில் கிடந்தது. முருகேசனிடமே இல்லாதது! சலூன்காரர் லேசில் தரவில்லை. போய்ப் போய் முடி வெட்டிக்கொண்டேன். வெட்டுவதற்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லாதபோது மனமிரங்கினார்.

பாரிவாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு எழுத்தாளர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, அழைக்காமலே போய்ப் பந்தியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். கை கழுவிவிட்டு வந்து, முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். "சாப்டியாப்பா?" என்றார். "பாயசம் வரிக்கும் ஆச்சு சார்" என்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். முருகேசனை இன்னும் எரியவைக்க ஆசை. அப்போதெல்லாம் புத்தகங்களைச் சேர்த்துத் தைத்து, மைதாப் பசையில் ரெக்ஸின் ஒட்டி, முதுகில் தங்க எழுத்தில் பெயர் போடுவதுதான் எங்களுக்குக் கௌரவம். அதையும் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். திரும்ப வாங்கப் போனபோது பைண்டர் பெருமையோடு சொன்னார்:

"ஓரமெல்லாம் பிசிறா இருந்துச்சு நைனா. மெஷின்ல வச்சி மூணு பக்கமும் சீவி உட்டேன். இன்னா ஷோக்கா கீது பாத்தியா?"

ஷோக்காகத்தான் இருந்தது. கையெழுத்தில் எழுத்துகளின் கால்கள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

முருகேசன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "இது கையெழுத்தாலே? எறும்பு நடந்த தடம்லா!"

"இந்தக் கத உன்னாண்ட கீதா? அத்தச் சொல்லு!"

"கத உங்கிட்ட இருக்குலே. தலை எங்கல?"

அவன் அப்பா ரிட்டயரானதும் குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. லாரியில் ஏற்ற, அவன் முதல் பதிப்புகள் இருந்த பெட்டியைத் தூக்கப் போனேன். "நீ தொடாத மாமே. வழியில எங்கயாவது சீவிப்புடுவ" என்றான். மாமே என்பது எங்கள் ஊர் அவனுக்குக் கொடுத்தது. பதிலுக்கு அவன் ஒரு பக்கம்கூடக் கொடுக்கவில்லை.

எழுத்தாளர் போய்ச் சேர்ந்துவிட்டார். பைண்டிங் கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். குவார்ட்டர்ஸில் பாதி, ஆளில்லாமல் செடி முளைத்துக் கிடக்கிறது. முருகேசனின் பிள்ளைகள் அந்தப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. எடைபோட்டு வாங்கிய அந்தப் பழைய பேப்பர்காரர் யாரென்று தெரியாது. துடைக்காத கையால் அத்தனையையும் தொட்டிருப்பார், மகராசன்.