இறக்கத்தில் பிடிபட்டவர்கள்

கரி லோரிக்கு மேடு ஏறத் தெரியாது. பெட்ரோல் இருந்த காலத்தில் அதே லோரி ரப்பர் கட்டுகளைச் சுமந்துகொண்டு முனகாமல் ஏறிய மேடுகள்தான். ஜப்பான்காரன் வந்து, பெட்ரோல் பட்டாளத்துக்கு மட்டும் என்று ஆன பிறகு, எங்கள் தோட்டத்து லோரியின் முதுகில் ஓர் இரும்பு உலையைப் பொருத்தினார்கள். லிங்கி ஆற்றோரத்துச் சதுப்பு மரங்களைச் சுட்ட கரியை அதில் போட்டு, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினார்கள். சமதரையில் ஓடும். மேட்டைக் கண்டால் இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால் மேட்டுக்கு முன்னால் ஓர் இறக்கம் இருந்தால், அந்த இறக்கத்தில் வண்டியை முழு வேகத்தில் விட்டு, அந்த வேகத்திலேயே எதிர் மேட்டில் பாதியை ஏறிவிட வேண்டும். வேறு வழி கிடையாது.

எங்கள் தோட்டத்திலிருந்து ரந்தாவுக்குப் போகிற சாலையில் அப்படி ஓர் இறக்கம் இருந்தது. அடியில் பாலம். பாலத்தைத் தாண்டியதும் நெட்டுக்குத்தான மேடு. அந்தப் பாலத்துப் பக்கத்தில்தான் ஜப்பான்காரன் காவல் கொட்டகை போட்டான்.

லோரியை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. துரை கப்பல் ஏறிப் போய்விட்டான். ரப்பரை வாங்க ஆள் இல்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டு, அதைத்தான் தின்றோம், அதைத்தான் சிரம்பானுக்கு ஏற்றிப் போனோம். லோரியில் கூட ஏறி உலையைக் கவனித்துக்கொண்டிருந்த ஆளைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். ஆறேழு மாதமாகியும் சேதியில்லை. அதற்குப் பிறகு நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் வாலிப ஆம்பளை யாரும் லோரி ஏறச் சம்மதிக்கவில்லை. சாலையில் கண்ணில் பட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று பயம்.

“நீ வா புள்ள,” என்றார் என் வீட்டுக்காரர். “பொம்பளைய சயாமுக்குக் கூப்பிட மாட்டான்.”

தோட்டத்துக் கணக்கைப் பார்த்த கிராணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மரவள்ளி அழுகிக்கொண்டிருந்தது. சாரத்தின் மேல் என் வீட்டுக்காரருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினேன். காற்றாடியைக் கையால் சுற்றி நெருப்பை மூட்டவும், கம்பியால் சாம்பலைக் கிளறவும் இரண்டு நாளில் கற்றுக்கொண்டேன். அந்தப் புகை தலையை வலிக்கவைக்கும். சாயங்காலம் இறங்கும்போது வாந்தி வரும். இருந்தாலும் தோட்டத்தை விட்டு வெளியே போய் வருவது எனக்குப் பிடித்திருந்தது.

கொட்டகை போட்ட புதிதில், அங்கே நிறுத்தி, இறங்கி, சிப்பாய்க்குக் குனிந்து வணங்கிவிட்டுப் போனால் போதும். பிறகு ஓர் உத்தரவு வந்தது. எந்த வண்டியும் வேகமாகப் போகக் கூடாது; டயர் தேய்ந்தால் அது பட்டாளத்துக்கு நஷ்டம். இறக்கத்தின் உச்சியிலிருந்தே மெதுவாக இறங்கி வர வேண்டும். மெதுவாக இறங்கினால் மேடு ஏறாது. ஏறாவிட்டால் மூட்டைகளை இறக்கி, வண்டியைத் தள்ளி, மறுபடி மூட்டைகளைத் தலையில் சுமந்து மேலே கொண்டுபோய் ஏற்ற வேண்டும். நாங்கள் இரண்டு பேர். எப்படி முடியும்?

எல்லா டிரைவர்களும் வேகமாகத்தான் விட்டார்கள். மாட்டிக்கொண்டவர்களை முதலில் கன்னத்தில் அறைந்தார்கள். பிறகு தலைக்கு மேல் கல்லைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கவைத்தார்கள். அடி வாங்கியும் யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை என்று கண்டதும், இறக்கத்தின் உச்சியில் ரப்பர் மரங்களுக்கு இடையே ஒரு போலீஸ்காரரை ஒளித்து நிறுத்தினார்கள். அவர் கையில் சிவப்புக் கொடி. வேகமாக வருகிற லோரியைக் கண்டால் கொடியை ஆட்ட வேண்டும். கீழே கொட்டகையில் இருக்கிற சிப்பாய் அதைப் பார்த்துவிட்டு, பாலத்தின் முன்னால் மூங்கில் தடியை இறக்கி வழியை அடைத்துவிடுவான்.

டிரைவர்களும் சும்மா இருக்கவில்லை. எதிரே வருகிற லோரிக்காரர் கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கிக் காட்டினால் ‘பாலத்தில் ஆள் இருக்கிறான்’ என்று பொருள். கையை வீசிவிட்டால் ‘போ’ என்று பொருள். மந்தினிலிருந்து ஒரு டிரைவர் வருவார். பாடிக்கொண்டே ஓட்டுவார். அவர் கையைக் காட்டும்போது அதிலும் ஒரு தாளம் இருக்கும்.

உச்சியில் நின்ற அந்தப் போலீஸ்காரர் பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, ஆள். சின்ன வயதில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஒருநாள் எங்கள் லோரி உச்சியில் தண்ணீர் ஊற்ற நின்றபோது அருகே வந்தார்.

“அண்ணே, நான் கொடி ஆட்டாட்டி என்னைத்தான் அடிப்பான். தெரியும்லா?”

“தெரியும் தம்பி. உன்மேல கோவமில்ல,” என்றார் என் வீட்டுக்காரர்.

“மத்தியானம் அவன் ஆத்துல குளிக்கப் போவான். அப்ப நான் தொப்பியக் கழட்டிடுவேன். தொப்பி இல்லாம நின்னா நீ விட்டுப் போயிடு. தொப்பி போட்டிருந்தா பெலான்-பெலான், மெதுவாப் போ.”

அதைச் சொல்லும்போதும் அவர் கண் சாலையில்தான் இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் கிளம்புகிற நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டோம். உச்சிக்கு வருவோம். மரத்தோடு மரமாய் அவர் வெறுந்தலையோடு நின்று, சுருட்டு ஒன்றைப் புகைத்துக்கொண்டிருப்பார். என் வீட்டுக்காரர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். காற்று என் காதுகளை அடைக்கும். பாலப் பலகைகள் தடதடக்கும். பிறகு எதிர் மேடு.

சில மாதம் அப்படிப் போயிற்று. அதற்குள் சாலையில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பழக்கமான லோரிகள் குறைந்துகொண்டே வந்தன. வேகமாகப் போய் மாட்டிக்கொண்டவர்கள் இப்போது கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. அவர்களைக் காணவே இல்லை. லிங்கிப் பக்கத்துத் தோட்டத்து டிரைவர் ஒருவர் வீடு திரும்பவில்லை; அவருடைய லோரியை மட்டும் ஒரு சிப்பாய் ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். முன்பெல்லாம் தோட்டந்தோட்டமாக வந்து ஆள் கேட்டவர்கள், இப்போது கேட்பதற்கு ஆள் கிடைக்காமல் சாலையிலேயே பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். வேகம் என்பது சாக்கு. அது எங்களுக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

“போவாம இருந்தா என்னாங்க?” என்று கேட்டேன்.

“லோரிய நிப்பாட்டுனா டிரைவர் எதுக்குன்னு கேப்பான். அப்பவும் சயாம்தான்.”

மறுநாளும் உலையில் கரியைக் கொட்டினேன்.

அந்த நாள் காலையிலிருந்து எதிரே ஒரு லோரிகூட வரவில்லை. கை காட்ட ஆளில்லாத சாலை. வெயில் கொளுத்தியது. உச்சியை நெருங்கும்போது முன்னால் எட்டிப் பார்த்தேன். போலீஸ்காரர் வழக்கமான இடத்தில், தொப்பி இல்லாமல் நின்றார். லோரி இறக்கத்தின் பக்கம் மூக்கைத் திருப்பியது.

நான் உலைக்குப் பக்கத்தில் உயரத்தில் நின்றேன். அதனால் அவரைக் கடக்கும்போது பக்கவாட்டில் முழுதாகப் பார்க்க முடிந்தது. வாயில் சுருட்டு இல்லை. முகத்தில் கொசு மொய்த்துக்கொண்டிருந்தது, அவர் ஓட்டவில்லை. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. அவர் என்னைத்தான் பார்த்தார். உதடு அசைந்த மாதிரி இருந்தது.

சாம்பல் கிளறும் கம்பியால் கூரையை ஓங்கி ஓங்கித் தட்டினேன். “நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க” என்று கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. என் வீட்டுக்காரர் காரணம் கேட்கவில்லை. வண்டி முழுதும் நடுங்க, டயர் கருகும் நாற்றத்தோடு வேகம் அடங்கியது. நடக்கிற மனிதனைப் போல அந்த இறக்கத்தில் இறங்கினோம். திரும்பிப் பார்த்தபோது, போலீஸ்காரருக்குப் பின்னாலிருந்த மரத்தின் மறைவிலிருந்து ஒரு சிப்பாய் வெளியே வந்து நின்றான்.

கீழே போனதும் எல்லாம் தெரிந்தது. தொப்பி ஜாடையைக் கண்டுபிடித்து, அவரையே பொறியாக நிறுத்தியிருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால், சாலையிலிருந்து தெரியாத இடத்தில், மூன்று லோரிகள் நின்றன. பத்துப் பன்னிரண்டு பேர் வெயிலில் குந்தியிருந்தார்கள். டிரைவர்கள், கூட ஏறியவர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த வண்டிகளையும் விடவில்லை. மந்தின் டிரைவரும் இருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

என் வீட்டுக்காரர் இறங்கிக் குனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன். அதிகாரி ஒருவன் அன்று புதிதாக வந்திருந்தான். அவன் லோரியைச் சுற்றி வந்து, சூடாக இருந்த டயரைத் தொட்டுப் பார்த்தான். மேலே இறக்கத்தைப் பார்த்தான். பிறகு என்னையும், என் கையிலிருந்த கம்பியையும் பார்த்தான். நான் தட்டி வேகத்தை அடக்கவைத்தது அவனுக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோபப்படவில்லை.

“பெலான்-பெலான். பாகுஸ்,” என்றான். மெதுவாக வருகிறாய், நல்லது.

மரவள்ளியை அங்கேயே சாலையோரத்தில் கொட்டச் சொன்னான். குந்தியிருந்தவர்களை எங்கள் லோரியில் ஏற்றினார்கள். மெதுவாக ஓட்டத் தெரிந்த நல்ல டிரைவர் என்பதால், அவர்களைச் சிரம்பான் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விடும் வேலை என் வீட்டுக்காரருக்கு. துப்பாக்கியோடு ஒரே ஒரு சிப்பாய் காவல்.

நான் உலையருகே நின்றேன். அவர்கள் என் காலடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. மந்தின் டிரைவர் மட்டும் மெல்லச் சொன்னார்:

“தங்கச்சி, மந்தின் கடைத்தெருவுல எங்க வூட்டக் கேட்டா காட்டுவாங்க. சட்டிய அடுப்புல வச்சுக் காத்திருக்க வேணாம்னு சொல்லிடு.”

“சொல்றேண்ணே.”

பாலத்தில் நின்று கிளம்பிய வண்டி, முதுகில் அத்தனை ஆள், எதிரே மேடு. பாதிகூட ஏறவில்லை. எஞ்சின் இருமி நின்றது. சிப்பாய் எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னான். நான் காற்றாடியைச் சுற்றினேன். உலையிலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு வண்டியின் பின்பக்கத்தையே மறைத்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து இரண்டு பேர் ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள். சருகு நொறுங்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு சிப்பாய் சுட்டான். மறுபடியும் சுட்டான். மற்றவர்கள் வண்டியில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்கள். அவனும் காட்டுக்குள் போகத் துணியவில்லை. ஒருவன் பின்னால் ஓடினால் மற்றவர்கள் எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். துப்பாக்கியை எங்கள் பக்கம் திருப்பி, தள்ளு என்றான். தள்ளினார்கள்.

அதிலிருந்து சிரம்பான் வரைக்கும் அந்தச் சிப்பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ரொம்பச் சின்னப் பையன். உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தான். நிலையத்தில் அவனுக்கு என்ன நடக்கும் என்று அவன் யோசிப்பது தெரிந்தது.

நிலையத்தில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள். எண்ணியவன் சிப்பாயைக் கூப்பிட்டு ஏதோ கேட்டான். பளாரென்று ஓர் அறை. சிப்பாய் நிமிர்ந்து நின்று இன்னோர் அறையையும் வாங்கிக்கொண்டான். பிறகு லோரியைக் காட்டினான். இரண்டு பேர் வந்து கதவைத் திறந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இறக்கினார்கள். கொடிமரத்தடியில் சைக்கிளோடு நின்றிருந்த, யாரென்றே தெரியாத ஒரு சீனரையும் இழுத்து வந்தார்கள். கணக்கு சரியாகிவிட்டது.

நான் ஓடிப்போய் எண்ணியவன் காலடியில் விழுந்தேன். தமிழிலும் மலாயிலும் கெஞ்சினேன். அவன் என்னை அடிக்கவில்லை. லோரியை எடுக்க ஏறிய ஒரு சிப்பாய்க்கு வண்டி கிளம்பவில்லை. என்னைக் கூப்பிட்டு, காற்றாடியைச் சுற்று என்று சைகை காட்டினான். அழுதுகொண்டே சுற்றினேன். வரிசையில் நின்ற என் வீட்டுக்காரர் அங்கிருந்தே சொன்னார்:

“சாம்பலத் தட்டிட்டுச் சுத்து புள்ள. இல்லாட்டி புடிக்காது.”

நெருப்புப் பிடித்தது. லோரியை ஓட்டிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் ரயிலும் போயிற்று.

நடந்துதான் வீடு திரும்பினேன். முதலில் மந்தினுக்கு நடந்து, அந்த வீட்டைக் கண்டுபிடித்துச் சேதியைச் சொன்னேன். அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அங்கே தங்கிவிட்டு மறுநாள் ரந்தாவு வழியாக வந்தேன். பாலத்தை அடைந்ததும் நின்று குனிந்து வணங்கினேன். வணங்காமல் கடக்க முடியாது. நேற்று வணங்கியதைவிட நன்றாகவே குனிந்தேன். சாலையோரத்தில் எங்கள் மரவள்ளிக் குவியல் கிடந்தது. யாரோ பாதியை எடுத்துப் போயிருந்தார்கள். உச்சியில் ஒருவரும் நிற்கவில்லை.

ஓடிய இருவரில் ஒருவரை மறுவாரம் ரப்பர் காட்டில், விலாவில் காயத்தோடு, இறந்து கிடக்கக் கண்டார்கள். இன்னொருவர் தப்பியிருக்க வேண்டும். அவர் யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. போலீஸ்காரரைச் சிறையில் வைத்து, பல மாதம் கழித்து விட்டார்கள். ரந்தாவு பாசாரில் ஒருமுறை பார்த்தேன். வலது கை விரல்கள் மடங்கியே இருந்தன.

“அண்ணன் வந்துட்டாரா?”

“இன்னும் இல்ல தம்பி.”

“உதட்டால சொன்னேன். கேட்டுச்சா?”

“கேக்கல. ஆனா புரிஞ்சுச்சு.”

அவர் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து பல மாதம் ஆன பிறகு என் வீட்டுக்காரர் வந்தார். ஒரு காலில் எலும்பு தெரிகிற அளவுக்குப் புண். பல் பாதி விழுந்திருந்தது. எங்கள் லோரியில் ஏற்றிப் போனவர்களில் இன்னொருவர்தான் அவரோடு திரும்பினாராம், மந்தின்காரர் இல்லை. புண் ஆறியதும் கிராணி தோட்டத்துக்குப் புதிதாக வந்த லோரியின் சாவியைக் கொடுக்க வந்தார். இவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஆட்டுக்குட்டி இரண்டு வாங்கி மேய்க்கத் தொடங்கினார். நான் மறுபடி பால்மரம் வெட்டப் போனேன்.